பதினோராம் நம்பர் விரிசல்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கைப்பேசி ஒலித்தது. திரையில் சுடலைமணி மேஸ்திரியின் பெயர். எடுத்தவுடனே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"மேஸ்திரி, இன்னைக்கும் வரலைன்னு மட்டும் சொல்லிராதீங்க. ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன். சுண்ணாம்பு ஊறிக் கெடக்குது. மணலைச் சலிச்சு மூடி வெச்சிருக்கேன். எட்டு மணிக்கு நீங்க இங்க நிக்கோணும்."

அந்தப் பக்கம் பேசியது மேஸ்திரி இல்லை. அவர் மனைவி அங்கம்மாவின் குரல்.

"அவரு வரமாட்டாருங்க டீச்சரம்மா."

ஐந்தரை மணிக்கு எழுந்து, பல் விளக்கி, வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கொண்டுவரும் முன்பே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது. அவருடைய கைப்பேசியில் கடைசியாகப் பேசிய எண் என்னுடையது. அதனால்தான் எனக்கு முதல் தகவல். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு அவரைக் கூப்பிட்டு, "ஒரு சாண் சுவரைப் பூசறதுக்கு இன்னும் எத்தனை நாள் இழுப்பீங்க?" என்று கேட்டிருந்தேன். "நாளைக்கு முடிஞ்சிருமுங்க டீச்சர்" என்றார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஏறக்குறைய இரண்டு வருடம் எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது அது. அதை எடுத்துவிட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியது போலாகிவிடும்.

எங்கள் வீடு கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் இருக்கிறது. அப்பா அரவங்காட்டுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, 1984 தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடிபோன வீடு. எனக்கும் அண்ணன் ஞானசேகரனுக்கும் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். நான் இங்கேயே பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டு தனியாக இருக்கிறேன்.

2009 மழையில் எங்கள் பக்கத்துச் சரிவுகள் பல இடங்களில் இறங்கி, வீடுகள் ஆட்களோடு மண்ணுக்குள் போனதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அது நியாயமான பயம்தான். 2011 பொங்கலுக்கு வந்தபோது மேற்குச் சுவரில் முடி முடியாக ஓடும் விரிசல்களைப் பார்த்தார். அவை பல வருடங்களாக இருந்தவை. நான் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவை. அவருக்கு அன்றுதான் கண்ணில் பட்டன. ஒரு இஞ்சினியரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் தோட்டத்தில் நின்றபடியே, சுவரைத் தொடாமலே, "ஸ்லோப் மூவ் ஆகுது சார்" என்றார். அன்று சாயந்திரம் அண்ணன், "சுலோ, இது ஊடு இல்ல. குழி. வித்துப்போட்டு எங்கூட வந்துரு" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அடுத்த வருட மாசி மாதத்துக்குள், இது பூச்சில் வந்த விரிசல்தான், வீடு அசையவில்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் சுவரைப் பார்த்து உறுதியாகச் சொன்னால் வீடு இருக்கட்டும். இல்லாவிட்டால் விற்பனைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கேத்தியில் விரிசல் என்றாலே எல்லோரும் ஒரு பெயரைத்தான் சொன்னார்கள். 2011 பிப்ரவரியில் சுடலைமணி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தார். முதன்முதலாக என்றுதான் அன்று நினைத்தேன்.

ஒல்லியான ஆள். காதில் பென்சில். கையில் மதியச் சாப்பாட்டுப் பை. அதற்குள் கைப்பேசி. சாரத்தில் ஏறினால் அது பைக்குள்ளேயே அடித்து ஓயும். டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"டஸ்ட் டீத்தூளுங்களா?"

"கடையில வாங்கினது."

"வெந்நீர் இருந்தாக் குடுங்க."

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். பதினாலு வயதில் எஸ்டேட் மராமத்து ஆட்களோடு சேர்ந்து துரை பங்களாக்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார். தேயிலைத் தரத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எங்கள் வீட்டில் கடைசி வரை அவர் வெந்நீர்தான் குடித்தார்.

அன்று மேற்குச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு வாளி தண்ணீர் கேட்டு, கையால் வாரி வாரிச் சுவரெங்கும் அடித்தார். வெயிலில் சுவர் காயக் காய, ஈரம் பிடித்திருந்த விரிசல்கள் மட்டும் கறுப்பாக எழுந்து வந்தன. சும்மா பார்த்தால் ஏழெட்டுதான் தெரியும். அன்று இருபத்து மூன்று தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் நம்பர் போட்டார். அது எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குறுக்குக்கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. பிறகு கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் கெட்டியான சத்தம். பல இடங்களில் காலி டப்பாவைத் தட்டுவது போல் சத்தம். "பொக்கு" என்று முனகிக்கொண்டு, பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்த அந்த இடங்களில் எல்லாம் ஒரு வட்டம் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் என் சுவர் பரீட்சைத் தாள் போல் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் வந்து மூன்று இடங்களில் பூச்சை உள்ளங்கை அளவுக்குக் கொத்தி எடுத்துச் செங்கல்லைப் பார்த்தார். இரண்டு இடங்களில் செங்கல்லில் ஒரு கீறலும் இல்லை. மூன்றாவது, பதினோராம் நம்பர். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாகத் தரையை நோக்கி இறங்கும் விரிசல் அது. அங்கே செங்கல் இடுக்கிலும் மெல்லிய பிளவு ஓடியது. அதைப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். 

"என்ன மேஸ்திரி?"

"பழைய கண்ணாடி ஏதாச்சும் இருக்குங்களா டீச்சர்?"

ஸ்டோர் ரூமில் என் பி.எஸ்ஸி. குரூப் போட்டோ இருந்தது. சட்டத்திலிருந்து அதன் கண்ணாடியைக் கழற்றி விரல் அகலத்துக்குத் துண்டு போட்டார். பதினோராம் நம்பரில் திறந்து வைத்த செங்கல்லின்மேல், பிளவுக்குக் குறுக்கே, கண்ணாடித் துண்டின் இரண்டு நுனிகளையும் கொஞ்சம் சிமெண்டால் ஒட்டினார்.

"செங்கல்லு ஒரு மயிரெழை நகந்தாலும் கண்ணாடி ஒடைஞ்சிருமுங்க. ஒடைஞ்சா ஊடு நகருதுன்னு அர்த்தம். ஒடையலைன்னா எப்பவோ ஒருக்கா பிளந்து அத்தோட நின்னுபோன விரிசல்."

"சரி. மத்த இருபத்திரண்டு?"

"அதப் பத்தி இப்ப என்னங்க?"

"அதெல்லாம் வெறும் பூச்சுதானே? செங்கல்லுல ஒண்ணும் இல்லைன்னு நீங்களே பாத்தீங்களே. அதையாவது எங்கண்ணங்கிட்ட சொல்லலாமல்ல?"

"பதினொண்ணு நகந்துச்சுன்னா மத்தது என்னவா இருந்தா என்னங்க டீச்சர்? ஊடே போகுது."

"எப்பத் தெரியும்?"

"பாக்கோணுங்க."

"பாத்துட்டீங்களே!"

"நாம் பாத்தா ஆச்சுங்களா? அது ஆடி மழை பாக்கோணும், ஐப்பசி மழை பாக்கோணும், பனி பாக்கோணும், வெயில் பாக்கோணும்."

மாதம் ஒருமுறை வருவதாகச் சொன்னார். மாதம் ஒருமுறை வரவும் செய்தார், அவர் சொன்ன நாளைத் தவிர மற்றொரு நாளில். வந்து கண்ணாடியைப் பார்ப்பார். குறுக்குக்கோடுகளைத் தாண்டி எந்த விரிசலாவது நீண்டிருக்கிறதா என்று பார்ப்பார். சுவரில் தேதி எழுதி, ஒரு கோடு இழுத்து, 'சரி' என்று எழுதுவார். அதற்குக் கீழே அடுத்து வரும் தேதியையும் எழுதி, கோட்டை இழுத்து, அதற்குப் பக்கத்தில் காலியாக விடுவார். அடுத்த தடவை அந்தத் தேதியை அடித்துவிட்டு வேறு தேதி எழுதுவார். அண்ணன் வாரந்தோறும் போன் செய்வார். "உம் மேஸ்திரி என்ன சொல்றாரு?" "பாக்கோணுங்கறாரு." அண்ணன் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைவிட மேஸ்திரியின் மேல்தான் கோபம் வரும்.

ஆடி மழை போயிற்று. கண்ணாடி இருந்தது. ஆவணி கடைசியில் ஒரு நாள் காலை நான் துணி காயப்போடப் போனபோது கண்ணாடி உடைந்திருந்தது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். அவர் தேவர்சோலைப் பக்கம் யாருக்கோ கட்டடம் பூசப் போய்ப் பத்து நாளாகிறது என்று அங்கம்மா சொன்னாள். "போன பைக்குள்ள வெச்சுட்டுப் பையக் கொண்டி மரத்துல மாட்டிருவாருங்க. கொரங்கு எடுத்தாத்தான் பேசும்." அன்று சாயந்திரம் அண்ணன் போன் செய்தார். "என்ன சொல்றாரு மேஸ்திரி?" என்றார். "பாக்கோணுங்கறாரு" என்றேன். அந்தப் பொய்யோடு எட்டு நாள் இருந்தேன். எட்டு நாளும் வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நின்று தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். கோலிக்குண்டு ஒன்றை உருட்டிப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி அவர் வந்தார். உடைந்த துண்டுகளைத் தொடாமல், முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு விரல்களால் எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். தடித்த கறுப்பு முடி. அதோடு காய்ந்த சேறு.

"காட்டுமாடுங்க."

"என்னது?"

"நகந்து ஒடைஞ்சிருந்தா நடுவால ஒரு கீத்துதான் விழும். இது உள்ளுக்க அமுங்கி நொறுங்கியிருக்குது. இங்க பாருங்க, இடுப்பு ஒசரத்துக்குச் சேறு இழுத்திருக்குது. ராத்திரி வந்து முதுகச் சொறிஞ்சிருக்குது. உங்க சொவுரு அதுக்கு வாகா இருக்குதாட்ட இருக்குது."

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. எட்டு நாள் தூங்கவில்லை. தேயிலைச் செடிக்கு நடுவே மாடு நிற்பதைத் தினம் பார்க்கிற ஊர் இது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே ஆத்திரம். உள்ளே ஓடிப்போய் குரூப் போட்டோவின் மிச்சக் கண்ணாடியை எடுத்து வந்தேன். அவர் புதிய துண்டை ஒட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சுவரில் எழுதினார்: 'மாடு. 19-9-11 திரும்ப.'

"திரும்பன்னா?"

"மொதல்ல இருந்துங்க."

"ஏனுங்க மேஸ்திரி, வெளையாடறீங்களா? ஆடி மழைய அது தாங்கிருச்சே! நீங்களே 'சரி'ன்னு எழுதியிருக்கீங்க!"

"மாடு முட்டறப்ப செங்கல்லும் கொஞ்சம் அசைஞ்சிருக்கலாம் இல்லீங்களா? இல்ல, மாடு வர்றதுக்கு முந்தின நாளே கண்ணாடி கீறியிருக்கலாம். எனக்குத் தெரியாதே."

"யாருக்கும் தெரியாது. பழைய தேதியவே போட்டுருங்க. எங்கண்ணனுக்கு மாசியோட கெடு முடியுது."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெந்நீர் கேட்டார். வெந்நீர் இல்லை என்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாசி வந்தது. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் பத்திரத்தின் நகலோடு வந்து இறங்கினார். மேஸ்திரி, அதிசயமாக, சொன்ன நாளில் வந்தார். கூடவே அங்கம்மாவும். அவள்தான் அவருக்குச் சித்தாள். கலவை போடுவதிலிருந்து அவர் சார்பில் பேசுவது வரை அவள் வேலை.

"கண்ணாடி ஒடையல. ஒத்துக்கறேன்" என்றார் அண்ணன். "அப்ப ஊடு நகரலைன்னு சொல்லிருங்க மேஸ்திரி. நான் இப்பவே கெளம்பிர்றேன்."

நான் மேஸ்திரியின் முகத்தையே பார்த்தேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்ல முடியாதுங்க. இந்தக் கண்ணாடி ஆடி மழை பாக்கல."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டயா?" என்பது போல் கையை விரித்தார். 

"மத்த இருபத்திரண்டும் பூச்சுதானுங்க" என்றார் மேஸ்திரி தொடர்ந்து. "அதுல சந்தேகம் இல்ல."

"அது மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

"அது நாம் போட்ட பூச்சுங்க."

 அங்கம்மா, "இப்பவாச்சும் வாயத் தொறந்தாரே" என்றாள்.

1984 ஜனவரி. அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. வேறொரு மேஸ்திரியிடம் ஆளாக வேலை பார்த்தார். தை பத்தாம் தேதி பால் காய்ச்ச வேண்டும் என்று அப்பா நாள் குறித்துவிட்டார். பங்களா மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்று அப்பா தினமும் வந்து நின்று, "இன்னும் ரெண்டு சட்டி சிமெண்ட் போடப்பா" என்பாராம். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்றே பங்கு மணல். சிமெண்ட் கூடினால் பூச்சு சுருங்கி வெடிக்கும். அது மட்டும் இருந்தால்கூடத் தப்பித்திருக்கும். பூசிய சுவருக்குப் பத்து நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். ஆனால் ராத்திரி உறைபனி. சுவரில் அடித்த தண்ணீர் விடிகாலையில் உறைந்து பூச்சைப் பெயர்த்துவிடும் என்று பெரிய மேஸ்திரி தண்ணீரே வேண்டாம் என்றார். மேற்குச் சுவர். மத்தியான வெயில் நேராக விழும். நான்கு நாளில் சுவர் காய்ந்து சுருங்கியது.

"வெயில் ஏறினப்புறம் சாக்க நனைச்சுத் தொங்கவிட்டு, மூணு மணிக்கு மேல எடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அந்த வயசுல எனக்கும் தெரியல. தெரிஞ்ச மேஸ்திரிக்குப் பனி மேல பயம். பால் காய்ச்சுன அன்னைக்கே ரெண்டு மூணு கீறல் இருந்துச்சு. உங்கப்பா பாக்கல. நாம் பாத்தேன். மேல வெள்ளையடிச்சு மூடிட்டோமுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வருசமா இது உங்களுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். நான் ராத்திரி ராத்திரியா முழிச்சிட்டுக் கெடந்திருக்கேன். அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க டீச்சர்?"

"நிம்மதியா இருந்திருப்பேன்!"

"அதாங்க. எல்லாமே அந்த இருபத்து நாலு வயசுப் பய செஞ்ச தப்புதான்னு நெனச்சுப் பதினொண்ணையும் சேத்துப் பூசி மூடியிருப்பீங்க. எனக்கும் அப்படி நெனைக்கத்தான் ஆசையா இருந்துச்சு. அதனாலதாங்க சொல்லல."

அண்ணன் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'மாடு' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். அவர் கணக்குப் பார்க்கிற ஆள். தன் தப்பைத் தானே சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மறுக்கிற ஒருவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்பச் சொல்லுவீங்க?" என்றார் கடைசியில்.

"ரெண்டு மழையும் முடியட்டுங்க. கார்த்திகை."

"கார்த்திகை வரைக்கும் நான் பத்திரத்த எடுக்க மாட்டேன். கண்ணாடி ஒடைஞ்சிருந்தா இவ கையெழுத்துப் போடோணும். என்ன சுலோ?"

"ம்" என்றேன். அங்கம்மா அண்ணனைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் சொவுரு பூசறாருங்க. எங்கூட்டு சொவுரு துணியில்லாம நிக்குது. கேட்டா, செங்கல்லு நல்லாத்தான இருக்குதுங்கறாரு" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

பங்குனியில் மேற்குச் சுவர் முழுவதையும் கொத்தி எடுத்தார். சிமெண்டைக் குறைத்து, சுண்ணாம்பு சேர்த்து, இரண்டு கையாக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பூசினார். முதல் கை காய ஒரு வாரம் விட்டார். நான் அவசரப்படுத்தினேன். இரண்டாம் கைக்கு ஒன்பது நாள் விட்டார். பத்து நாள் காலை பத்து மணிக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும், மூன்று மணிக்கு எடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னை நம்பாமல் தானே வந்து நனைத்தார். வராத நாளில் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போன் செய்து, "டீச்சர் சாக்கு நனைச்சாங்களான்னு கேளுங்க" என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். பள்ளியில் இன்றும் என்னைச் சாக்கு டீச்சர் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு.

சுவர் அழகாக வந்தது. ஒரு முடி விரிசல்கூட இல்லை. ஆனால் நடுவில், ஜன்னல் மூலைக்குக் கீழே, ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் பழைய சாம்பல் நிறத்தில், பென்சில் எழுத்தோடு, திறந்த செங்கல்லோடு, கண்ணாடித் துண்டோடு அப்படியே இருந்தது. மாடு வராமல் இருக்க அதற்கு முன்னால் மூங்கில் தட்டி கட்டிக் கொடுத்தார். தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தால் கண்ணாடி தெரியும். பக்கத்து வீட்டு ஜெஸிந்தா முதல் தடவை பார்த்தபோது, "சாமி படம் வைக்க மாடம் விட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.

ஆடி மழை பெய்தது. ஐப்பசி மழை பெய்தது. மழை வலுத்த ஒவ்வொரு ராத்திரியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தட்டிக்கு மேலாகப் பார்த்தேன். நவம்பர் இருபத்தேழில் கடைசிப் பார்வை என்று எழுதியிருந்தார். அன்று வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "மழை இன்னும் முடியலீங்களே டீச்சர்" என்று சொல்லி, தேதியை அடித்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை தேதியைப் போட்டார். அந்தச் செவ்வாயன்று பார்த்துவிட்டு அப்போதே கண்ணாடியை எடுத்து, பிளவை அடைத்து, சதுரத்தைப் பூசி முடித்துவிடுவதாகச் சொன்னார். சுண்ணாம்பை வாளியில் ஊற வைக்கச் சொன்னார். அந்த ஒரு வாரத் தூறலுக்காகத்தான் திங்கட்கிழமை ராத்திரி அவரைத் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அங்கம்மா சொன்னது சரிதான். வெளிச்சுவர் பூசாத செங்கல். இரண்டு அறை. அதே செங்கல் சுவரோரம் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நீங்க போன வெச்சப்புறம், 'டீச்சர் ரொம்பக் கோவமா இருக்குது, நாளைக்கு வெந்நீர்கூடக் குடுக்காது'ன்னு சிரிச்சாருங்க" என்றாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

நான்கு மணிக்கு மேல் எல்லாம் முடிந்து வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றாமல் நேராக மேற்குச் சுவருக்குப் போய்த் தட்டியை விலக்கினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் செய்தார். மேஸ்திரி இறந்ததைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு மெதுவாக, "கண்ணாடி?" என்றார்.

"ஒடையல."

"ரெண்டு மழையும் ஆச்சா?"

"ஆச்சு."

"நல்லாப் பாத்தயா? நடுவால கீத்து ஏதாச்சும்?"

"அவரு பாக்கற மாதிரி மூஞ்சிய ஒட்டி வெச்சுப் பாத்தேன். இல்ல."

"அப்பச் சரி. பத்திரத்தக் கிழிச்சுப் போட்டர்றேன். நீ அங்கயே இரு." பிறகு, "அந்தச் சதுரத்தப் பூச வேற ஆளு யாராச்சும் சொல்லட்டுமா?" என்றார்.

பார்க்கலாம் என்றேன்.

வீடு என்னிடம் இருக்கிறது. சுண்ணாம்பு வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். மணல் சாக்குக்கு அடியில் இருக்கிறது. பதினோராம் நம்பர் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் '27-11-12' என்று எழுதி அடித்திருக்கிறது. அதற்குக் கீழே '4-12-12' என்று எழுதி ஒரு கோடு இழுத்திருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதவில்லை.